சென்னைக்காரருக்கு எதற்கு கார் ஹீட்டர்?

நமது பார்க்கிங்கில் நிற்கும் பெரும்பாலான கார்களின் டேஷ்போர்டில் ஒரு திருகு இருக்கும். ஒரு பக்கம் நீலக் கோடு, மறுபக்கம் சிவப்புக் கோடு. நீலப் பக்கம் தேய்ந்து போயிருக்கும். சிவப்புப் பக்கம் ஷோரூமிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருக்கும். "இதை எதற்கு வைத்தான்?" என்று லிஃப்டில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜனவரி மாதக் காலை அந்த நினைப்பை மாற்றியது. அதன்பின் இந்தச் சிவப்புக் கோட்டின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். காலாண்டிதழுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும், இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தக் காலைப்பொழுது. என்னிடம் இருப்பது 2006ல் வங்கிக் கடனில் வாங்கிய சின்ன கார். மூன்று வருடங்களுக்கு முன்பு நான், என் மனைவி, என் அக்கா மூவரும் அதில் ஊட்டி போயிருந்தோம். அக்காவுக்கு 72 வயது. திரும்பும் நாளன்று கோவையில் காலை 10 மணிக்கு அவருக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தோம். அதனால் விடியற்காலை 5 மணிக்கே கிளம்பினோம். புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கிளம்பிய பத்தாவது நிமிடம் முன்கண்ணாடி உள்பக்கம் முழுக்க ஆவி படிந்துவிட்டது. திருகைச் சிவப்புப் பக்கம் முழுவதும் திருப்பினேன். காற்று வந்தது. ஆனால் வெதுவெதுப்புக்கூட இல்லை. பத்து நிமிடத்தில் சரியாகும் என்று ஓட்டினேன். சரியாகவில்லை. மனைவி துண்டால் துடைக்கத் துடைக்க, மறுபடி படிந்தது. ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு கண்ணாடி முழுக்கப் பரவி, சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கியிருந்தது. பின் சீட்டிலிருந்து அக்கா சொன்னார்: "வண்டிய நிறுத்தி வைப்பா. டாக்டர் நாளைக்கும் இருப்பார்."

வெளிச்சம் வரும்வரை அங்கேயே நின்றோம். பிறகு மெதுவாகக் குன்னூர் வந்து ஒரு மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினேன். அங்கே நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

கரி அடுப்பிலிருந்து ஆரம்பம்

கார் பிறந்த காலத்தில் அதற்குக் கூரையே சரியாகக் கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் குதிரை வண்டியில் போனவர்கள் எதைச் செய்தார்களோ, அதையே காரிலும் செய்தார்கள். கம்பளிப் போர்வை, ரோமக் கையுறை, காலடியில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் கனன்று கொண்டிருக்கும் கரிக்கட்டி. நம் ஊர் இஸ்திரிப் பெட்டியைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1893 நவம்பரில் சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண்மணி 'கார் ஹீட்டர்' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கார் ஹீட்டருக்கு இவரே தாய் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தப் பெருமையைக் கொஞ்சம் நிதானமாகத்தான் ஏற்க வேண்டும். அமெரிக்காவில் டூரியா சகோதரர்கள் தங்கள் முதல் பெட்ரோல் வண்டியைத் தெருவில் ஓட்டிக் காட்டி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைய அமெரிக்கர்களின் பேச்சில் 'கார்' என்றால் ரயில் பெட்டியும் டிராம் பெட்டியும்தான்.

காருக்கு ஹீட்டர் தேவைப்பட்டதே, கார் மூடிய பெட்டியாக மாறிய பிறகுதான். 1919ல் அமெரிக்காவில் தயாரான கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927க்குள் அது பத்தில் எட்டைத் தாண்டிவிட்டது. இப்படி எட்டே வருடத்தில் கார் நாலு பக்கமும் கண்ணாடி உள்ள ஓர் அறையானது. அறை என்றால் அதற்குச் சூடு வேண்டும். எங்கிருந்து எடுப்பது?

வீணாகும் சரக்கு

இங்கே நான் படித்த பி.காம். எனக்கு உதவியது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'உபபொருள்' என்று ஒரு பாடம் உண்டு. சர்க்கரை ஆலைக்கு மொலாசஸ் மாதிரி. முதல் பொருளைத் தயாரிக்கும்போது வேண்டாமலே கிடைப்பது. அதைக் கொட்டினால் நஷ்டம், விற்றால் லாபம்.

கார் என்ஜினுக்கு அப்படி ஓர் உபபொருள்தான் வெப்பம். 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், வண்டியை நகர்த்தப் போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மற்றொரு பங்கு என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்கிறது. ஆக, சூட்டுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. கையில் இருக்கிறது. புகையிலிருந்து எடுப்பதா, தண்ணீரிலிருந்து எடுப்பதா என்பதுதான் கேள்வி. கார் ஹீட்டரின் பாதி வரலாறு இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

முதலில் ஜெயித்தது புகை. காரணம், அது மலிவு. 1927 இறுதியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ காருக்கு விற்கப்பட்ட ஹீட்டர்கள் மிக எளிமையானவை. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான இரும்புக் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை. என்ஜினின் விசிறிக் காற்று அந்த உறைக்குள் புகுந்து சூடாகி, ஓட்டுநரின் கால் பக்கம் உள்ள ஓட்டை வழியே உள்ளே வரும். பம்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, சில நிமிடத்தில் சூடு.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழாயில் விரிசல் விட்டாலோ, மூட்டில் கசிவு வந்தாலோ, சூட்டோடு புகையும் உள்ளே வரும். பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டவர் எதனால் தனக்குத் தூக்கம் வருகிறது என்றே அறியமாட்டார்.

தண்ணீர் ஜெயித்த கதை

1930களில் தண்ணீர் முறை பரவியது. என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் சூடான தண்ணீரில் ஒரு பகுதியை இரண்டு ரப்பர் ஹோஸ்கள் மூலம் டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுவந்தார்கள். அங்கே கை அகல ரேடியேட்டர் ஒன்று, அதன் பின்னால் ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். இந்தச் சின்ன ரேடியேட்டரைத்தான் இன்று ஹீட்டர் கோர் என்கிறோம். கசிந்தால் தரை விரிப்பு நனையும், உயிருக்கு ஆபத்து இல்லை.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அந்த ஹீட்டர்கள் உள்ளே இருந்த காற்றையே சுற்றிச் சுற்றிச் சூடாக்கின. நாலு பேர் மூச்சுவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும். இதற்குத் தீர்வு சொன்னது நாஷ் என்ற அமெரிக்க நிறுவனம். 1937ல் இது கெல்வினேட்டரோடு இணைந்தது. ஆமாம், நம்மில் பலர் வீட்டில் இருந்த அதே ஃபிரிட்ஜ் பெயர்தான். அடுத்த வருடமே, 1938 மாடலில், நாஷ் கார்களில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, சூடான தண்ணீர் ரேடியேட்டர் வழியே செலுத்தினார்கள். உள்ளே காற்றழுத்தம் வெளியை விடச் சற்றுக் கூடுதலாக இருந்ததால், இடுக்கு வழியே குளிர்காற்று புகவில்லை. ஈரக் காற்றும் வெளியேறிவிட்டது. 1939ல் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவியும் சேர்த்து 'வெதர் ஐ' என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் காரில் இருக்கும் ஹீட்டர், அடிப்படையில் அந்த நாஷ் ஹீட்டரின் பேரன்.

எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. தண்ணீர் சூடாகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, ஸ்டூவர்ட் வார்னர் நிறுவனம் 'சவுத் விண்ட்' என்ற ஹீட்டரை விற்றது. அது தனியாகப் பெட்ரோலை எரித்துச் சூடு தரும். தண்ணீரே இல்லாத என்ஜின் வைத்திருந்தவர்களோ பழைய வழியிலேயே போனார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அப்படிப்பட்ட கார். அதன் பழைய மாடல்களில் என்ஜினைக் குளிர்வித்த காற்றே உள்ளேயும் வந்தது. கூடவே எண்ணெய் வாடையும் வந்தது. 1963 மாடலிலிருந்துதான் என்ஜினைத் தொடாத தனிக் காற்றைச் சூடாக்கும் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவில் ஷெவர்லே கோர்வேர் என்ற காரிலும் 1961 மாடல் முதல் இதே போன்ற காற்று ஹீட்டர்தான். அதன் வழியே புகை உள்ளே வரலாம் என்று அந்நாட்டு அரசு 1970களின் தொடக்கத்தில் எச்சரிக்க வேண்டிவந்தது. அதற்குள் அந்தக் காரின் தயாரிப்பே நின்றுபோயிருந்தது.

விலைப்பட்டியலிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. குளிர் நாடுகளிலேயே ஹீட்டர் நீண்ட காலம் 'தனிக் காசு' சாமான்தான். பிரிட்டனில் 1959ல் வந்த மினி காருக்குக்கூட ஹீட்டர் வேண்டுமானால் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த எண்ணம் மாறியதற்கு ஒரு காரணம் சட்டம். முன்கண்ணாடியில் படியும் பனியையும் ஆவியையும் நீக்கும் வசதி ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் பாதுகாப்பு விதி வந்தது. அதுவரை காலுக்குச் சுகம் தந்த சாமான், அன்றிலிருந்து கண்ணுக்குப் பாதுகாப்பு தரும் சாமான் என்று கணக்கில் ஏறியது. ஊட்டி ரோட்டில் இடது சக்கரம் இறங்கி நின்றபோது அந்த விதியின் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

குன்னூர் ஷெட்டில்

இப்போது குன்னூருக்கு வருவோம். முப்பது வயது இருக்கும் அந்த மெக்கானிக் தம்பிக்கு. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய வண்டி. கை சுட்டிருக்க வேண்டும். அவர் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "சார், தெர்மோஸ்டாட் இருக்கா, எடுத்துட்டாங்களா?"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன்பு மே மாதத்தில் வண்டி ஓவர்ஹீட் ஆனபோது, இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார்" என்று ஒரு சின்னப் பித்தளைச் சாமானைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். நானும் தலையாட்டினேன். ஹீட்டரைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு கதவு. அதற்குள் ஒரு குப்பியில் மெழுகு இருக்கும். தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். இந்த மெழுகு முறையை 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கினார். கதவு மூடியிருக்கும்வரை தண்ணீர் என்ஜினுக்குள்ளேயும் ஹீட்டர் கோர் வழியாகவும் மட்டும் சுற்றும், சீக்கிரம் சூடாகும். கதவையே எடுத்துவிட்டால்? தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடி ஆறிக்கொண்டே இருக்கும். அதுவும் மலை இறக்கத்தில் என்ஜினுக்கு வேலையே குறைவு. உறைபனிக் காற்று வேறு ரேடியேட்டரில் அடிக்கிறது. ஹீட்டருக்குக் கொடுக்கச் சூடு மிச்சம் ஏது?

"கீழ இருந்து வர்ற பழைய வண்டியில நிறைய இப்படித்தான் சார். ஹீட்டர் ரிப்பேர்னு வருவாங்க. ஹீட்டர்ல ஒண்ணும் இருக்காது" என்றார். பத்து மணிக்கு ஸ்பேர் கடை திறந்ததும் வாங்கிப் போட்டுவிட்டார். பொருளும் கூலியும் சேர்த்து 600 ரூபாய். முதலில் ஓவர்ஹீட் ஆனதற்குக் காரணம் ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் அடைத்திருந்ததுதான் என்பது பிறகு சென்னையில் தெரிந்தது. நோய் ஒன்று, வைத்தியம் வேறொன்று.

வீட்டுக்கு வந்து என் மைலேஜ் நோட்டைப் புரட்டினேன். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு. அந்த மே மாதத்துக்குப் பிறகு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்திருந்தது. முழுக்க இதனால்தான் என்று சொல்லமாட்டேன், வண்டிக்கும் வயதாகிறது. ஆனால் போதிய சூடு ஏறாத என்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும் என்பது உண்மை. 35 வருடம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தவன், என் நோட்டு சொன்னதைக் கவனிக்கவில்லை.

கணக்கு டேலி ஆகாவிட்டால்

வங்கியில் மாலை கேஷ் டேலி ஆகாவிட்டால் எல்லா லெட்ஜரையும் பிரித்துப் போடமாட்டோம். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். பழைய காரில் ஹீட்டர் பலவீனமாக இருந்தாலும் அப்படித்தான்.

முதலில் என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். அளவு குறைந்திருந்தாலோ, குழாயில் காற்று அடைத்திருந்தாலோ ஹீட்டருக்குத் தண்ணீர் வராது.

அடுத்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு என்ஜினை அணைத்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒரு துணியோடு தொட்டுப் பாருங்கள். விசிறிப் பக்கம் கை போகக் கூடாது. இரண்டுமே சூடு என்றால் தண்ணீர்ப் பக்கம் பழுதில்லை. உள்ளே காற்றைத் திருப்பும் தகடோ, அதன் கேபிளோ, அடைத்துப்போன கேபின் ஃபில்டரோ காரணம். இரண்டும் வெதுவெதுப்பு மட்டும் என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். ஒன்று சூடு, மற்றது ஜில் என்றால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கலாம், அல்லது பழைய வண்டிகளில் இருக்கும் ஹீட்டர் வால்வு இறுகியிருக்கலாம்.

கோர் அடைப்பதற்கு நம்மில் பலரின் கைங்கரியமே காரணம். கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். நம் கீசருக்குள் ஒரே வருடத்தில் எவ்வளவு உப்புப் படிகிறது என்று பிளம்பர் எடுத்துக் காட்டியிருப்பார். கோரின் குழாய்கள் அதைவிடப் பலமடங்கு மெல்லியவை. காருக்குள் இனிப்பு வாடை, நனைந்த தரை விரிப்பு, கண்ணாடியில் பிசுக்கு இருந்தால் கோர் கசிகிறது என்று அர்த்தம். அப்போது சில இடங்களில் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். பில்லில் அது இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நமக்கு இதனால் என்ன?

மூன்று விஷயம். ஒன்று, மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும்.

இரண்டு, மே மாத டிராஃபிக்கில் வெப்பமானி மேலே ஏறினால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுவதும் திறந்து, விசிறியை வேகமாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும். ஆனால் அந்தச் சின்ன ரேடியேட்டர் என்ஜினிலிருந்து கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஓரம்கட்டி நிறுத்த அது நேரம் கொடுக்கும். சென்னையில் சிவப்புப் பக்கத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

மூன்றாவது, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறைத்த பாடம். புகையைப் பயணிகளிடமிருந்து பிரிக்கத் தயாரிப்பாளர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலோ, மதிய நேரங்களில் என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசியில் தூங்கும் டிரைவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மூடிய இடத்தில் புகை தேங்கும், காருக்குள்ளும் வரும். பாவம், அவர்களுக்கும் வேறு இடம் இல்லை. செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் உள்ள காலி அறையில் ஒரு ஃபேனும் பெஞ்சும் போட்டுக் கொடுத்தால் இதற்கு அவசியமே இருக்காது. அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். ஆதரவு தாருங்கள்.

அக்காவின் கண் டாக்டர் மறுநாளும் இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதும் என் காரில் ஏறினால் அக்கா முதலில் கேட்பது, "அந்தச் சிவப்புத் திருகு வேலை செய்யுதா?" என்றுதான். மாதம் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுகிறேன். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.